மதிப்புரையை நம்பி பைனாகுலர் வாங்கலாமா?

ஏற்காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் பைனாகுலர் பற்றியவைதான் அதிகம். அதிலும் இதழ்களில் வரும் மதிப்புரைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்றே பலரும் கேட்கிறார்கள். ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒரு 10×42 பைனாகுலருக்கு (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மி.மீ. அகலம்) ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்திலேயே அந்தக் கம்பெனியின் விளம்பரம். நம்பலாமா? (சூரமங்கலம்)

விளம்பரம் இருக்கிறது என்பதற்காகவே மதிப்புரை பொய்யாகிவிடாது. பொழுதுபோக்கு இதழ்கள் பெரும்பாலும் விளம்பரக் காசில்தான் ஓடுகின்றன. நட்சத்திரத்தை விட்டுவிட்டுக் குறையைத் தேடுங்கள். "ஓரத்தில் படம் மங்குகிறது, கண்ணாடி போட்டவருக்கு முழு வட்டமும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால், அவர் கருவியோடு சில நாளாவது காட்டில் நடந்திருக்கிறார். "தெளிவான படம், கைக்கு அடக்கம்" என்பதைப் பெட்டியின் மேலேயே படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பல இதழ்களுக்குக் கருவியை இரவலாக அனுப்புவதே கம்பெனிதான். வருவதும் ஒரே ஒரு கருவி. நல்லதாகப் பார்த்துத்தானே அனுப்புவார்கள்? நீங்கள் கடையில் வாங்கும் அதே மாடலில் இரண்டு குழல்களும் இம்மி விலகியிருந்தால், அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936இல் தொடங்கிய அமைப்பு. விளம்பரம் வாங்காமல், பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கிறது. பறவை ஆர்வலர்களுக்கான மதிப்புரையும் அப்படி வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை, பல மாடல்களைப் பல பேர் கையில் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் மதிப்புரைக்குத்தான் என் முதல் மரியாதை.

காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? (ஆத்தூர்)

இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த விதிமுறைகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் கம்பெனிக்கும் உள்ள தொடர்பு பரிந்துரையின் மதிப்பைப் பாதிக்கக்கூடியதாக இருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புகார் செய்ய 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

"ஃபாக் ப்ரூஃப்" என்று மதிப்புரையில் இருந்தது. ஆனால் ஏற்காட்டில் காரைவிட்டு இறங்கியதுமே ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (அஸ்தம்பட்டி)

இல்லை, அந்த வார்த்தைக்குப் பொருள் வேறு. உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்து மூடியிருப்பதால் உள்பக்கம் ஆவி படியாது, அவ்வளவுதான். வெளி வில்லையில் படியத்தான் செய்யும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏசி போட்டு ஏறிவந்து, சில்லிட்ட பைனாகுலரை மேலே ஈரக்காற்றில் எடுத்தால் உடனே பனிக்கும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

உள்ளே ஆவி படிந்தால்தான் கவலைப்பட வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஓர் இதழின் பாராட்டை நம்பி நான் வாங்கிய பைனாகுலர், சேர்வராயன் கோயில் பக்கம் அடித்த முதல் மூடுபனியிலேயே உள்ளே பூத்துவிட்டது. புதரில் மஞ்சள்தொண்டைச் சின்னான் உட்கார்ந்திருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் சாம்பல் நிறம். அந்த மதிப்புரையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மழையிலோ பனியிலோ பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து, எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் சோதித்தார்கள் என்று பார்க்காமல் நான் காசை எடுப்பதில்லை.

மதிப்புரையில் போடும் எண்களையாவது நம்பலாமா? (ஓமலூர்)

சில எண்களை வீட்டிலேயே சரிபார்த்துவிடலாம். பைனாகுலரை வெளிச்சமான வானத்துக்கு நேரே பிடியுங்கள். சூரியன் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு துண்டு பட்டர் பேப்பரை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஒளிவட்டம் விளிம்பு தெளிந்து நிற்கும். அதை ஸ்கேலால் அளந்து, உருப்பெருக்கத்தால் பெருக்குங்கள். முன் வில்லையின் அகலம் வர வேண்டும். 10×42 என்றால் வட்டம் 4.2 மி.மீ. இருக்க வேண்டும். 3.5தான் வருகிறதென்றால், உங்களுக்குக் கிடைப்பது 35 மி.மீ. வில்லையின் வெளிச்சம். வட்டத்தின் ஓரம் சாம்பலாகச் சதுரம்போல வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது மலிவான பட்டகம். இந்தச் சோதனையைச் செய்து படத்தோடு போடும் மதிப்புரையாளரை நான் தேடிப்பிடித்துப் படிக்கிறேன்.

மதிப்புரையே வேண்டாம், கடையில் பார்த்து வாங்கினால் போதாதா? (ஏற்காடு)

டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்துவந்து, பொழுது சாயும் நேரத்தில் மரநிழலுக்குள் பாருங்கள். இன்னும் நல்ல வழி, ஞாயிறு விடியற்காலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போவது. கரையில் யாராவது பைனாகுலரோடு நிற்பார்கள். "அண்ணா, ஒரு நிமிஷம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் மறுத்ததில்லை.