லினக்ஸ் கெர்னல் டிரைவருக்குள் இருந்து ஐ2சி பஸ்ஸை (சில்லுகளை இரண்டே வயரில் இணைக்கும் தடம்) அணுக, அதை இயக்கும் கன்ட்ரோலரின் ரெஜிஸ்டர்களை நேரடியாகத் தொடலாமா?

கூடாது. ஒருமுறை தொட்டுப் பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழியில், ஆனி ஆடிக் காற்றுக்குக் கதவு தாங்காத எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு ராஸ்பெர்ரி பை போர்டில் பிஎம்பி280 காற்றழுத்த உணரியையும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லையும் ஒரே பஸ்ஸில் இணைத்திருந்தேன். உணரிக்கு நான் எழுதிய டிரைவர், ஐஓரீமேப் (வன்பொருள் முகவரிகளைக் கெர்னலுக்கு எட்டவைக்கும் ஃபங்ஷன்) மூலம் கன்ட்ரோலரின் ரெஜிஸ்டர்களில் நேராக எழுதியது. உணரி தனியாக இருந்தவரை பிழையில்லை. கடிகாரத்தையும் சேர்த்த பிறகு எப்போதாவது ஒருமுறை அழுத்த அளவு தாறுமாறாக வந்தது. காற்றின் மேலும் வயரின் மேலும் பழி போட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். உண்மையில், அந்தக் கன்ட்ரோலரைக் கெர்னலின் அடாப்டர் டிரைவர் ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்தது. அது கடிகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு நேரத்தில் ஒருவரே பஸ்ஸைப் பயன்படுத்துவதற்கான அதன் பூட்டைப் பற்றி ஒன்றும் அறியாத என் டிரைவர் குறுக்கே புகுந்து ரெஜிஸ்டர்களை மாற்றிவிட்டது.

ஆகவே உங்கள் டிரைவர் பஸ்ஸின் வாடிக்கையாளராக மட்டுமே இருக்க வேண்டும். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) அந்தப் பஸ்ஸின் கீழ் ஒரு நோடு சேர்த்து, முகவரியையும் (என் உணரிக்குப் பதினறும எண்முறையில் 76) ஒரு கம்பேட்டிபிள் பெயரையும் கொடுத்தால், அதே பெயரைக் கொண்ட டிரைவரின் புரோப் ஃபங்ஷனுக்கு (சாதனம் பொருந்தியதும் கெர்னல் அழைப்பது) அந்தச் சாதனத்தைக் குறிக்கும் கிளையன்ட் சுட்டி தானாக வந்து சேரும். அதைக் கொண்டு எஸ்எம்பஸ் (ஐ2சியை ஒட்டிய நெறிமுறை) ஃபங்ஷன்களால் படிக்கலாம், எழுதலாம், பூட்டுவதை ஐ2சி கோர் பார்த்துக்கொள்ளும். பிஎம்பி280க்குக் கெர்னலிலேயே ஐஐஓ (உணரிகளுக்கான கெர்னல் பிரிவு) டிரைவர் உண்டு. பயிற்சிக்காக எழுதுவதானால் வேறு கம்பேட்டிபிள் பெயர் வையுங்கள். டிவைஸ் ட்ரீயைத் தொட முடியாத நிலையில், கெட் அடாப்டர் ஃபங்ஷனில் பஸ் எண்ணைக் கொடுத்து அடாப்டரைப் பெற்று, நியூ கிளையன்ட் டிவைஸ் ஃபங்ஷனால் சாதனத்தைப் பதிவு செய்யலாம். பழைய பதில்களில் காணும் நியூ டிவைஸ் ஃபங்ஷன் இப்போதைய கெர்னல்களில் இல்லை.

இந்த ஃபங்ஷன்கள் உறங்கக்கூடியவை, அதாவது பஸ் வேலை முடியும்வரை காத்திருக்கக்கூடியவை; காத்திருக்கக் கூடாத இடத்தில் அழைக்கக் கூடாது. டைமர் கால்பேக்கிலிருந்து நான் அழைத்தபோது "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று கெர்னல் லாக் நிரம்பியது. உறங்க அனுமதியுள்ள இடத்தில் சற்றுப் பிறகு ஓடும் டிலேயிட் வொர்க்குக்கு மாற்றியதும் அடங்கியது. இன்டரப்ட் என்றால் தனித் திரெடில் ஓடும் திரெடட் ஹேண்ட்லர் வேண்டும்.

டிரைவர் சாதனத்தைப் பிடித்துவிட்டால், பஸ்ஸில் உள்ள முகவரிகளைத் தேடிக் காட்டும் ஐ2சி டிடெக்ட் கட்டளையின் அட்டவணையில் அந்த முகவரிக்கு நேரே எண்ணுக்குப் பதில் "யூயூ" என்று வரும். அதன்பின் சில்லின் அடையாள எண் இருக்கும் பதினறும டி0 ரெஜிஸ்டரைப் படியுங்கள்: பதினறும எண்முறையில் 58 வந்தால் பிஎம்பி280, 60 வந்தால் கடைக்காரர் உங்களுக்குத் தந்திருப்பது ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280.