ரிவியூ பண்ணின கட்டுரை எண்டா முடிஞ்ச முடிவோ?

கேள்வி: வாட்ஸ்அப்பில வாற ஆய்வுகளுக்கெல்லாம் பியர் ரிவியூ செய்தது எண்டு போடுகினம். களைநாசினியாலதான் கிட்னி வருத்தம் எண்ட கட்டுரையும் அப்பிடித்தானாம். அப்ப ஏன் கிளைபோசேட் எண்ட அந்தக் களைநாசினியைத் தடை செய்துபோட்டு பிறகு தளத்தினவை?
- ஒரு விவசாயி, நெடுங்கேணி

பதில்: ஐயா, பியர் ரிவியூ எண்டுறது ஒரு கட்டுரைய அதே துறையில இருக்கிற இரண்டு மூண்டு பேருக்கு ஜேர்னல்காரர், அதாவது ஆய்வுக் கட்டுரை போடுற சஞ்சிகைக்காரர், அனுப்பி பிழை பிடிக்கச் சொல்லுறது. அவை பெரும்பாலும் சம்பளமில்லாமல்தான் பாக்கிறவை. எத்தினை பேரைச் சோதிச்சனீங்கள், வருத்தம் இல்லாத ஆக்களோட ஒப்பிட்டனீங்களோ, கணக்குச் சரியோ, சொல்லுற முடிவுக்கு ஆதாரம் காணுமோ எண்டு துருவித் துருவிக் கேப்பினம், திருத்தச் சொல்லுவினம், சிலதை வேண்டாமெண்டே திருப்பிவிடுவினம். ஆனா அந்த ஆய்வை அவை திரும்பச் செய்து பாக்கிறேல்ல, உங்கட கிணத்துத் தண்ணிய அள்ளிப் பாக்க ஒருத்தரும் வாறேல்ல.

நீங்கள் சொல்லுற கட்டுரை 2014ல வந்தது. கிளைபோசேட் வன்னீரோடயும் (உப்புச் சத்துக் கூடின கடினத் தண்ணி) ஆர்செனிக் மாதிரி நச்சுச் சாமான்களோடயும் சேந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் எண்டு அது வச்சது ஒரு கருதுகோள். கருதுகோள் ரிவியூவைத் தாண்டினா, சோதிச்சுப் பாக்க வேண்டிய விசயம் எண்டுதான் அர்த்தம், நிரூபிச்சாச்சு எண்டில்லை. இந்த வித்தியாசத்தை எங்கட சனத்துக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்ல, அதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். 2015ல இலங்கை முழுக்கத் தடை வந்தது, 2018ல தேயிலைக்கும் றப்பருக்கும் தளத்தினது, ரெண்டும் அரசாங்கத்தின்ர முடிவு. அந்தக் கிட்னி வருத்தத்துக்குக் காரணம் இன்னதுதான் எண்டு இண்டைக்கும் முடிவாகேல்ல.

பெரிய ஜேர்னலெண்டாலும் தப்பும். 2020 மே மாசம் லான்செட் எண்ட பெரிய மருத்துவ ஜேர்னலில 96,000 கொரோனா நோயாளிகளின்ர தரவெண்டு ஒரு கட்டுரை வந்தது, வாசிச்ச விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டு மூலத் தரவைக் கேக்க, அது கிடைக்கேல்ல, இரண்டு கிழமைக்குள்ள வாபஸ். என்னைக் கேட்டா, வெளிவந்த பிறகு நடக்கிற இந்தச் சோதனைதான் பெரிய ரிவியூ.

அதுக்காக மருந்தடிக்கேக்க கவனமில்லாமல் இருக்காதேங்கோ. கிட்னி வருத்தம் தொடக்கத்தில ஒண்டும் காட்டாது, கிளினிக்கில சலமும் ரத்தத்தில கிரியேட்டினினும் (கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு) பாருங்கோ.

கேள்வி: காசு கட்டினா என்ர ஆய்வுக் கட்டுரைய ஒரு கிழமையில போடுறம் எண்டு ஒரு ஜேர்னல் மெயில் போட்டிருக்கு. அனுப்பட்டோ?
- கம்பஸ் மாணவி, கிளிநொச்சி

பதில்: வேண்டாம் தங்கச்சி. காசு கேக்கிறதெல்லாம் கள்ளமில்லை, ஆரும் காசில்லாமல் வாசிக்கக்கூடிய நல்ல ஓப்பன் அக்சஸ் ஜேர்னல்களும் கட்டணம் எடுக்கிறதுதான், ஆனா ஒழுங்கான ரிவியூவுக்கு மாசக்கணக்கில போகும். ஆசிரியர் குழுவில பேர் போட்டிருக்கிற ஆக்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தில உண்மையா இருக்கினமோ எண்டு தேடிப் பாருங்கோ, மெயிலை உங்கட சுப்பவைசரிட்டயும் காட்டுங்கோ.