பின்டரஸ்ட் போர்டுக்கு அழகான கவர், இலவச ஸ்லைடு டெம்ப்ளேட்டிலேயே: கேள்வி பதில்

பின்டரஸ்ட் என்பது பிடித்த படங்களைச் சேர்த்து வைக்கும் இணையதளம். அதில் சேர்க்கும் ஒவ்வொரு படமும் ஒரு ‘பின்’, பின்களை வகை பிரித்து வைக்கும் தொகுப்பு ‘போர்டு’, போர்டின் முகப்புப் படம் ‘கவர்’. அங்கே சமையல், கோலம், தையல் என்று பல வருடங்களாகப் போர்டுகள் வைத்திருக்கிறேன். என் போர்டுகளின் கவர்களைப் பார்த்துவிட்டு, எந்த மென்பொருள், எவ்வளவு செலவு என்று பலர் கேட்டார்கள். செலவு எதுவும் இல்லை. எல்லாமே இலவச பிரசன்டேஷன் டெம்ப்ளேட்களை, அதாவது முன்பே வடிவமைத்து வைத்த ஸ்லைடுகளை, வெட்டி ஒட்டிச் செய்தவை. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, கவர் என்று தனியாக ஒன்று தேவையா? போர்டில் உள்ள பின் படமே கவராக வந்துவிடுகிறதே. (புதிதாகத் தொடங்கியவர், சேலம்)

வரும். நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் போர்டில் உள்ள படங்களில் ஒன்றை பின்டரஸ்டே எடுத்துப் போட்டுவிடும். இரண்டு மூன்று போர்டுதான் இருக்கிறது, படங்களும் நன்றாக இருக்கின்றன என்றால் அப்படியே விடுங்கள். கவருக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

போர்டுகள் பத்தைத் தாண்டும்போதுதான் சிக்கல். சாம்பார் படம் ஒரு போர்டுக்கு, வத்தக்குழம்புப் படம் இன்னொன்றுக்கு. சின்னக் கட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரி பழுப்பாகத் தெரியும். வருகிறவர் எதைத் திறப்பது என்று தடுமாறுவார். கடைத்தெருவில் பெயர்ப்பலகை செய்கிற வேலையைத்தான் இங்கே கவர் செய்கிறது. தூரத்திலிருந்து பார்த்தாலும் இன்ன கடை என்று தெரிந்தால் போதும்.

எந்த அளவில் செய்வது? ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். (கல்லூரி மாணவர், மதுரை)

கவர் என்பது தனி வகைக் கோப்பு இல்லை தம்பி. அதுவும் அந்தப் போர்டில் இருக்கும் ஒரு பின்தான். அதனால் பின்னுக்கு பின்டரஸ்ட் பரிந்துரைக்கும் அளவிலேயே செய்யுங்கள்: அகலம் 1000, உயரம் 1500 பிக்சல், அதாவது 2:3.

இந்த முழு உயரமும் உங்கள் பக்கத்தில் தெரியாது. போர்டு கட்டத்துக்குள் வரும்போது மேலும் கீழும் வெட்டுப்படும். எவ்வளவு வெட்டும் என்பது போனில் ஒரு மாதிரி, கணினியில் ஒரு மாதிரி. அதனால் முக்கியமான எதையும் நடுவில் உள்ள 700 × 700 சதுரத்துக்குள் வைத்துவிடுங்கள். வெளியே நிறம், கோடு, பூ வேலைப்பாடு போன்றவை இருக்கட்டும். வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

ஆரம்பத்தில் ஒரு துணிக்கடைக்குப் பதினெட்டு கவர் செய்து கொடுத்தேன். எல்லாவற்றிலும் தலைப்பு உச்சியில். ஏற்றிப் பார்த்தால் ஒன்றில்கூடத் தலைப்பு தெரியவில்லை. பதினெட்டையும் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து புதுக் கோப்பு திறந்தால் முதலில் அந்த 700 சதுரத்தை மெல்லிய கோடாகப் போட்டுவிடுவேன். வேலை முடிந்ததும் கோட்டை அழித்துவிடலாம்.

கூகுள் ஸ்லைட்ஸில் இதைச் செய்யும் முறையைச் சொல்லுங்கள். டெம்ப்ளேட் எல்லாம் படுக்கை வசத்தில் இருக்கிறதே? (வீட்டிலிருந்து ஊறுகாய் விற்பவர், திருநெல்வேலி)

பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பிரசன்டேஷன் டெம்ப்ளேட்கள் பெரும்பாலும் 16:9, டிவி மாதிரி படுத்திருக்கும். அதைத் திறந்து அளவை 1000 × 1500 என்று மாற்றினால் பூவும் படமும் நசுங்கியோ நீண்டோ போய்விடும்.

அதனால் டெம்ப்ளேட்டின் அளவில் கை வைக்காதீர்கள். புதிதாக ஒரு வெற்று ஸ்லைடு திறந்து, ஃபைல், பேஜ் செட்டப், கஸ்டம் என்று போய், அலகை பிக்சல் ஆக்கி 1000, 1500 கொடுங்கள். பிறகு டெம்ப்ளேட்டை இன்னொரு டேபில் திறந்து, உங்களுக்குப் பிடித்த துண்டுகளை மட்டும் நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள். ஒரு மூலைப் பூ, ஒரு வட்டம், ஒரு தூரிகைத் தீற்றல், இவ்வளவு போதும். டெம்ப்ளேட் என்பது முழுச் சட்டை இல்லை, துணி. அளவுக்கு வெட்டித் தைப்பது நம் வேலை.

ஒட்டிய பிறகு மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குங்கள். பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்தால் வட்டம் முட்டையாகிவிடும். ஒரு கவர் நன்றாக வந்துவிட்டால் அந்த ஸ்லைடை டூப்ளிகேட் செய்து, தலைப்பையும் நிறத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ஒரே கோப்பில் உங்கள் இருபது போர்டும் அடங்கிவிடும். ஸ்லைடு மென்பொருளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே இதற்காகத்தான்.

பவர்பாயின்ட் வைத்திருப்பவர்கள் டிசைன், ஸ்லைடு சைஸ், கஸ்டம் என்று போய், அகலப் பெட்டியில் 1000, உயரப் பெட்டியில் 1500 என்று போட்டு, அடுத்து பிக்சலின் ஆங்கிலச் சுருக்கமான px என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தால், அதுவே அங்குலமாகவோ சென்டிமீட்டராகவோ மாற்றிக்கொள்ளும்.

இருபது கவரையும் ஒவ்வொன்றாக டவுன்லோடு செய்ய வேண்டுமா?

கூகுள் ஸ்லைட்ஸில் ஆமாம். ஃபைல், டவுன்லோடு, பிஎன்ஜி (ஒரு படக் கோப்பு வகை) என்று கொடுத்தால் அப்போது திறந்திருக்கும் ஸ்லைடு மட்டும்தான் வரும். பவர்பாயின்டில் பிஎன்ஜியாகச் சேமிக்கும்போது எல்லா ஸ்லைடுமா, இது மட்டுமா என்று கேட்கும். எல்லாம் என்று சொன்னால் ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். கூகுளில் செய்ததை பவர்பாயின்டுக்குக் கொண்டுபோவதானால், பயன்படுத்திய தமிழ் எழுத்துருவைக் கணினியில் முதலில் நிறுவிவிடுங்கள். இல்லையென்றால் எழுத்துரு மாறிப்போகும்.

டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் அவ்வளவு அழகாக இருக்கிறது. அதே இடத்தில் தமிழை அடித்தால் அசிங்கமாகிவிடுகிறது. என்ன செய்வது அக்கா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. தமிழ் மேல் குற்றமில்லை. அந்த டெம்ப்ளேட் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நினைத்து வரையப்பட்டது. அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டாது. நம் எழுத்து அப்படியில்லை. ‘கீ’க்கு மேலே ஒரு சுழி, ‘ழு’வுக்குக் கீழே ஒரு சுழி. மேல் வரியில் ‘புழுங்கல்’, கீழ் வரியில் ‘கீரை’ என்று அடித்துப் பாருங்கள், இரண்டும் முட்டிக்கொள்ளும். டெம்ப்ளேட்டில் வரி இடைவெளி 0.9 என்று இறுக்கமாக இருந்தால் 1.15 அல்லது 1.2க்குக் கொண்டுவாருங்கள். பாதி அழகு அங்கேயே வந்துவிடும்.

அடுத்தது எழுத்து இடைவெளி. கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்திலும் பவர்பாயின்டிலும் உள்ள டெம்ப்ளேட்களில் ஒவ்வொரு எழுத்தையும் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அது நாகரிகமாக இருக்கும். தமிழில் ‘கொ’ என்பது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகக் கிழிந்து நிற்கலாம். தமிழுக்கு அந்த இடைவெளியைப் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள்.

மூன்றாவது, எழுத்துரு. டெம்ப்ளேட்டின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், மென்பொருள் நம்மைக் கேட்காமலே வேறொன்றைப் போட்டு நிரப்பும். நீங்கள் என்னதான் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மாறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். கூகுள் ஸ்லைட்ஸில் எழுத்துருப் பட்டியலின் மேலே ‘மோர் ஃபான்ட்ஸ்’ திறந்து, ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதில் வருவதெல்லாம் தமிழுக்கென்றே வடிவம் உள்ளவை.

நான் அதிகம் எடுப்பது பாலு தம்பி 2 என்ற எழுத்துரு. தடித்து உருண்டு இருக்கும், சின்னக் கட்டத்திலும் பளிச்சென்று தெரியும். சமையல், குழந்தைகள் போர்டுகளுக்கு அதற்கு இணை இல்லை. கேட்டமரான் ஒல்லியிலிருந்து தடி வரை ஒன்பது தடிமனில் இருப்பதால் ஒரே எழுத்துருவில் தலைப்பும் துணைத்தலைப்பும் முடிந்துவிடும். முக்த மலர், ஹிந்த் மதுரை இரண்டும் அடக்கமானவை. கோயில், இலக்கியம் போன்றவற்றுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். கவிவனார் சாய்ந்த கையெழுத்து மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அது அழைப்பிதழுக்கானது. கவரின் சின்ன அளவில் படிக்க முடியாது. ஒரு கவருக்கு ஓர் எழுத்துரு போதும்.

கடைசியாக, சொல்லைச் சுருக்குங்கள். ‘தென்னிந்திய சைவக் குழம்பு வகைகள்’ என்பதைப் போர்டின் பெயராக வையுங்கள். தேடுபவர்களுக்கு அது வேண்டும். கவரில் ‘குழம்பு’ என்று மட்டும் பெரிதாகப் போடுங்கள். பெயர் தேடலுக்கு, கவர் கண்ணுக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நீளமான சொல்லை வரி முடிவில் பாதியாக உடைக்க மட்டும் வேண்டாம்.

நான் வழக்கமாக பாமினி எழுத்துருவில் அடிப்பேன். ஸ்லைட்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. (அச்சகத்தில் வேலை செய்பவர், யாழ்ப்பாணம்)

பாமினி, எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொது முறையான யூனிகோடு இல்லை அண்ணா. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். இலவச எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஒட்டுங்கள்.

நிறம் சேர்ப்பதுதான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. (இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

பட்டுப்புடவை எடுக்கத் தெரியும் இல்லையா, அப்படியென்றால் நிறம் சேர்க்கவும் தெரியும். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிர் நிறம். மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை, மயில்கழுத்துக்கு வாடாமல்லி, கிளிப்பச்சைக்குக் குங்குமச் சிவப்பு. நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. பீரோவைத் திறந்து உங்களுக்குப் பிடித்த புடவையை வெளிச்சத்தில் விரித்து ஒரு படம் எடுங்கள். அதை ஸ்லைடில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு கட்டம் வரைந்து நிறத்தை ஒப்பிட்டுப் பொருத்துங்கள். கேன்வாவில் படத்தை வைத்தாலே அதிலுள்ள நிறங்களை எடுத்துக் காட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். புடவையில் அழகாக இருக்கும் எல்லாச் சேர்க்கையும் எழுத்துக்கு ஆகாது. சிவப்பின் மேல் பச்சை எழுத்து கண்ணைக் கூசும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு உள்ளவர்களுக்குத் தெளிவாகத் தெரியவும் தெரியாது. அந்த இரண்டையும் பின்னணிக்கும் ஓரத்துக்கும் வைத்துக்கொண்டு, எழுத்தைச் சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ போடுங்கள். இணையத்தில் எல்லோராலும் படிக்க முடிவதற்கென்று உள்ள விதிகளில், பெரிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1, சிறிய எழுத்துக்கு 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறார்கள். இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசத் தளங்கள் உண்டு. என் அரக்கு 110, 20, 35. என் சந்தனம் 250, 240, 215. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் கொடுத்துப் பாருங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இன்னொன்று: எல்லாப் போர்டுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுக்காதீர்கள். சமையல் போர்டுகள் அனைத்தும் மஞ்சள் உடல், தையல் அனைத்தும் மயில்கழுத்து என்று வகைக்கு ஒன்றாக வையுங்கள். பக்கத்தைத் திறந்ததும் எது எங்கே என்று கண்ணே பிரித்துக்கொள்ளும்.

கோலப் போர்டுக்கு என்ன கவர் வைக்கலாம்?

உங்கள் வாசலில் போட்ட கோலம்தான். காவித் தரையில் வெள்ளைப் புள்ளிக் கோலம் என்றால் அதைவிடத் தெளிவான வேறுபாடு கிடைக்காது. நாலு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எங்கே வெட்டினாலும் நடு நிற்கும். மேலிருந்து நேராகப் படம் எடுங்கள், காலை வெயில் சாய்வாக விழும்முன். எழுத்தே தேவைப்படாத ஒரே போர்டு என் பக்கத்தில் இதுதான்.

இலவசம் என்று போட்டிருந்தால் கடைக்குக்கூடப் பயன்படுத்தலாமா? யாராவது வழக்குப் போடுவார்களா? (நகை வாடகைக்கு விடுபவர், சென்னை)

ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நிபந்தனை. ஸ்லைட்ஸ்கோ என்ற டெம்ப்ளேட் தளத்தில் இலவசமாக எடுப்பவர்கள் அவர்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும். கவரில் இடமில்லாததால் நான் அந்தப் பின்னின் விவரத்தில் ஒரு வரி எழுதிவிடுவேன். கேன்வாவில் கிரீடச் சின்னம் உள்ளவை கட்டணத்துக்கு உரியவை, அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுங்கள். புகைப்படம் வேண்டுமென்றால் பெக்ஸல்ஸ், பிக்ஸாபே, அன்ஸ்பிளாஷ் மூன்றிலும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி உண்டு. எதை எடுத்தாலும் அதன் உரிமப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கூகுள் தேடலில் வந்த படத்தையோ, வேறொருவர் பின் செய்த நகைப் படத்தையோ கவரில் போடாதீர்கள். அந்த நகையை வைத்துப் படம் எடுத்தவருக்கும் உழைப்பு இருக்கிறது. உங்களிடம்தான் நிஜ நகை இருக்கிறதே. ஒரு வெல்வெட் துணி விரித்து ஜன்னலோரம் வைத்து எடுத்தாலே போதும்.

என்னிடம் கணினி இல்லை, போன் மட்டும்தான்.

அப்போது கேன்வா ஆப் வசதி. பின்டரஸ்ட் பின் அளவு என்று அதிலேயே தேடி எடுத்துவிட்டால் 1000 × 1500 தயாராக இருக்கும். முதலிலேயே சரியான அளவில் தொடங்குங்கள், இலவசக் கணக்கில் பாதியில் ஒரே தட்டில் அளவு மாற்றும் வசதி கிடையாது.

செய்து முடித்ததும் படத்தைச் சேமித்து கேலரியைத் திறந்து, மற்ற படங்களுக்கு நடுவே சின்னக் கட்டமாக எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். அங்கேயும் பெரும்பாலும் நடுச் சதுரம்தான் தெரியும். கையை நீட்டிப் பிடித்துத் தலைப்பைப் படிக்க முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது ஒரு பூவை எடுத்துவிடுங்கள். கணினியில் செய்பவர்களும் ஏற்றும்முன் இதைச் செய்து பார்க்கலாம்.

கவரை ஏற்றிவிட்டேன், ஆனால் போர்டில் பழைய படமே தெரிகிறது. (தையல் வகுப்பு நடத்துபவர், ஈரோடு)

ஏற்றினால் மட்டும் போதாது, கவராகத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். முதலில் அந்தப் படம் அதே போர்டில் பின்னாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போர்டைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, எடிட் போர்டு என்று போனால் கவர் மாற்றும் இடம் இருக்கும். அங்கே உங்கள் படத்தைத் தொட்டுச் சேமியுங்கள்.

பிறகு ஒருநாள் போர்டைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பின்னை அழித்துவிடாதீர்கள். அழித்தால் கவரும் போய்விடும். அதோடு, கவரும் ஒரு பின் என்பதால் அது தனியாகவும் மற்றவர்கள் கண்ணில் படும். அதற்கும் ஒரு நல்ல தலைப்பும், உங்கள் வகுப்பு விவரம் உள்ள பக்கத்துக்கு ஓர் இணைப்பும் கொடுத்துவிடுங்கள்.