கோடு நீண்டால் பொருள் மாறும்

சீன எழுத்தைப் படிக்க, எழுத, நினைவில் வைக்க என்று எல்லையோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுத்துகளை அச்சிடாமல் வடிவத்தைச் சொல்லிக்கொண்டே போகிறோம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். மெஷின் சீனாவிலிருந்து வந்தது, பேனல் முழுக்கச் சீன எழுத்து. மொழியை முழுதாகப் படிக்க நேரமில்லை. பேனலை மட்டும் படிக்க என்ன வழி? போனில் கேமரா ஆப் இருந்தால் போதாதா?
– வாசகர், வாளையார்

பதில்: பேனல் எழுத்து திரும்பத் திரும்ப வரும் எழுத்துதான், அதனால் சீக்கிரம் பிடிபடும். 'துங்' என்ற எழுத்திலிருந்து தொடங்குங்கள். பொருள், அசைவு. இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு படுக்கைக் கோடுகள், அடியில் ஒரு மடிப்பும் புள்ளியும். வலப்பக்கம் தோளில் மடிந்து அடியில் கொக்கி போடும் ஒரு கோடு, அதை வெட்டி இடப்பக்கம் சரியும் இன்னொரு கோடு. இந்த வலப்பகுதி தனியாக நின்றால் 'வலு'. துங்குக்கு முன்னால் 'கை' வந்தால் கையால் இயக்கும் முறை, 'தான்' (தானாக என்ற பொருள்) வந்தால் ஆட்டோ, 'தொடக்கு' வந்தால் ஸ்டார்ட். ஆக, ஒரு எழுத்து தெரிந்தால் மூன்று பொத்தான்கள் பாதி புரிந்துவிடும். 'தான்' என்பது கண்ணைக் குறிக்கும் எழுத்துதான். நின்ற பெட்டி, உள்ளே இரண்டு கோடு. தலையில் ஒரு சின்னச் சாய்கோடு மட்டும் கூடுதல்.

சிவப்புப் பொத்தானில் இருப்பது 'அவசரம்', 'நிறுத்து' என்ற இரண்டு எழுத்து. முதலாவதன் அடியில் 'மனம்' என்ற உறுப்பு உட்கார்ந்திருக்கும். இரண்டாவதன் இடப்பக்கம் 'ஆள்' நிற்பார். அவருக்கு வலப்பக்கம் இருப்பது 'மண்டபம்' என்ற எழுத்து. அதன் ஒலி 'திங்'. நிறுத்துவதற்கும் சீனத்தில் 'திங்'தான். மண்டபம் ஒலி காட்ட மட்டும் வந்திருக்கிறது.

கேமரா ஆப் உதவும், ஆனால் மெயின் பிரேக்கரில் அதை நம்பவே நம்பாதீர்கள். அங்கே சின்ன ஜன்னலில் 'கூடு' அல்லது 'பிரி' என்று ஒற்றை எழுத்து தெரியும். கூடு என்றால் முனைகள் சேர்ந்திருக்கின்றன, கரண்ட் ஓடுகிறது. பிரி என்றால் விலகிவிட்டன, கரண்ட் இல்லை. ஆப் 'கூடு' என்பதை 'மூடு' என்று மொழிபெயர்த்தால், ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்துக் கையை வைக்கிற ஆபத்து உண்டு. இரண்டுக்கும் தலையைப் பாருங்கள். கூடு எழுத்தில் இரு சாய்கோடுகளும் கூரை முகடுபோல உச்சியில் முட்டும், அடியில் ஒரு கோடும் ஒரு பெட்டியும் இருக்கும். பிரி எழுத்தில் அவை ஒட்டாமல் விலகி நிற்கும், அடியில் 'கத்தி'. எழுத்தைப் படித்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: தினமும் பதினைந்து எழுத்து, ஒவ்வொன்றையும் இருபது தடவை எழுதுகிறேன். அடுத்த வாரம் பார்த்தால் பாதிக்கு மேல் மறந்திருக்கிறது. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இருபது தடவையில்தான். பள்ளிக்கூட இம்போசிஷன் நினைவிருக்கிறதா? முதல் சொல்லை மேலிருந்து கீழ்வரை எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் சொல்லை எழுதி இறங்குவோமே, கை அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது. மூன்றாவது தடவையிலிருந்து நீங்கள் மேல்வரியைப் பார்த்து நகல் எடுக்கிறீர்கள், நினைவுக்கு அங்கே வேலையே இல்லை.

எழுத்தைப் பாருங்கள், உறுப்புகளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், மூடுங்கள், எழுதுங்கள், திறந்து ஒப்பிடுங்கள். மூன்று தடவை போதும். மறுநாள் ஒலியையும் பொருளையும் மட்டும் பார்த்து எழுத்தை எழுதிப் பாருங்கள். அப்புறம் 3, 7, 15, 30-ஆம் நாட்கள். தவறிய எழுத்து மறுபடி முதல் நாளுக்குப் போகட்டும். அங்கி (Anki) போன்ற மனப்பாடச் செயலியில் போட்டால் நாள் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். புது எழுத்து தினம் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். பத்தாம் நாள் புது எழுத்தோடு பழைய எழுத்தும் சேர்ந்து வரும்போது, பதினைந்து என்று தொடங்கியவர்கள் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

எழுத்தை ஒற்றையாகப் படிக்காமல் குடும்பமாகப் படியுங்கள். பெரும்பாலான சீன எழுத்தில் ஒரு உறுப்பு பொருளின் இனத்தைச் சொல்லும், இன்னொன்று ஒலியைச் சொல்லும். 'ச்சிங்' என்ற உறுப்பை எடுத்துக்கொள்வோம். மேலே மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றின் நடுவே ஒரு நெடுங்கோடு, கீழே நிலா எழுத்துபோல ஒரு வடிவம். மொத்தம் 8 கோடு. இடப்பக்கம் நீரின் மூன்று புள்ளி சேர்த்தால் 'தெளிந்த', ச்சிங், முதல் தொனி (தொனி என்பது பொருளை மாற்றும் குரலின் ஏற்ற இறக்கம்). பேச்சு உறுப்பு சேர்த்தால் 'தயவுசெய்து', மூன்றாம் தொனி. மன உறுப்பு சேர்த்தால் 'உணர்வு', சூரியன் சேர்த்தால் 'வானம் வெளுத்தது', இரண்டும் இரண்டாம் தொனி. கண் சேர்த்தால் மட்டும் ஒலி 'ஜிங்' என்று கொஞ்சம் விலகிவிடும். ஒலி உறுப்பு துப்புத்தான் தரும், உத்தரவாதம் தராது. தொனியைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்யவேண்டும். ஆனாலும் ஐந்து எழுத்தை ஐந்து படமாக நினைப்பதைவிட இது பாதி வேலை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கதை கட்டச் சொல்லும் காணொளிகள் முதல் ஐம்பது எழுத்துக்கு நன்றாக இருக்கும். ஐந்நூறு தாண்டும்போது எந்தக் கதை எந்த எழுத்துக்கு என்பதையே தனியாக மனப்பாடம் செய்யவேண்டி வரும்.

இதே குடும்பத்தில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிலா தனியாக நிற்கும்போது அதன் இடக்கால் இடப்பக்கம் வளைந்து இறங்கும். ச்சிங்குக்கு அடியில் வரும்போது அந்தக் கால் நேராக நிற்கவேண்டும். நீரின் மூன்றாவது புள்ளியையும் கவனியுங்கள், அது கீழிருந்து மேல்நோக்கி ஏறும்.

கேள்வி: எப்படி எழுதினாலும் உருவம் வந்தால் சரிதானே? கோடு வரிசை கட்டாயமா?
– வாசகர், தடா

பதில்: 'வாய்' என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். வெறும் சதுரம். நம் கை அதை ஒரே சுழிப்பில் போடும், அல்லது நாலு கோடாகப் போடும். சரியான கணக்கு மூன்று. இடக்கோடு மேலிருந்து கீழே, மேற்கோடும் வலக்கோடும் மடிந்து ஒரே கோடாக, கடைசியில் அடிக்கோடு. சுழித்தே பழகிய தமிழ்க்கைக்கு மூலையில் மடிக்கிற இடம்தான் பாடு. வேகமாக எழுதினால் மூலை உருண்டு, தெலுங்கு எழுத்துபோல ஆகிவிடும்.

வரிசை தெரியாவிட்டால் இரண்டு நஷ்டம். அகராதியில் தேடுவது உறுப்பையும் மீதிக் கோடுகளின் எண்ணிக்கையையும் வைத்து. 'தெளிந்த' என்றால் நீர் உறுப்பு, மீதி 8. வாயை நாலாக எண்ணினால் அது உள்ள எழுத்தெல்லாம் தேடும்போது தப்பிப்போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், எழுத்துக்கு ஒருநாள் ஒரு வரிசை, மறுநாள் வேறு வரிசை என்றால் கைக்கு எதுவும் பழகாது. விதி கொஞ்சம்தான்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக்குப் பிறகு நெடுக்கு, சட்டத்துக்குப் பிறகு உள்ளே இருப்பது, கதவைச் சாத்துவது கடைசியில். 'நீர்' போல இருபக்கமும் சமமான எழுத்தில் நடுக்கோடு முதலில்.

நோட்டுக்கு அலைய வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நாலு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடைக்கும் சிலுவைக்கோடுதான் சீனப் பள்ளிப்பிள்ளைகளின் 'வயல்' கட்டம். நீர் உறுப்பு இடப்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கவேண்டும். பாதிக் கட்டத்தைப் பிடித்தால் இரண்டு எழுத்துபோலத் தெரியும்.

கேள்வி: மண், அறிஞர் என்று இரண்டு எழுத்தும் ஒன்றாகவே தெரிகிறது. அச்சுப் பிழையா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: பிழையில்லை. எ-வுக்கும் ஏ-வுக்கும் ஒரு கோடுதானே வித்தியாசம்? இரண்டிலும் இரண்டு படுக்கை, ஒரு நெடுக்கு. அடிக்கோடு நீளமானால் மண், மேற்கோடு நீளமானால் அறிஞர். இதேபோல மரத்தின் தலையில் ஒரு கோடு கூட்டினால் இரண்டு எழுத்து பிறக்கும். கூட்டிய கோடு குட்டையானால் 'இன்னும் இல்லை', நீளமானால் 'முனை'. இப்படிப்பட்டவற்றை ஒரே நாளில் ஜோடியாகப் படிக்காதீர்கள். ஒன்று நன்றாக ஊறிய பிறகு இரண்டு வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள்.

கேள்வி: சீன ஒலியை எழுதிக்காட்டும் பின்யின் ஆங்கில எழுத்துதானே, அப்படியே வாசித்தால் போகாதா?
– ஆசிரியர், பாறசாலை

பதில்: போகாது. கோழிக்கோட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது ழ-வுக்கு இரண்டெழுத்து போடுகிறோமே, பின்யினில் அதே இரண்டெழுத்து நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு 'ட்ச'. ழ-வுக்குப் பக்கத்தில் நிற்பது சொல்லின் முதலில் வரும் 'ஆர்' எழுத்து. அடுத்து, பின்யினின் 'பி', 'டி', 'ஜி' (b, d, g) நம் சொல்முதல் ப, த, க தான், அடித்தொண்டை அதிரக்கூடாது. 'பீ', 'டீ', 'கே' (p, t, k) எழுத்துகளுக்கு மூச்சு வேண்டும். மலையாளத்தில் க-வுக்கு அடுத்து வரும் எழுத்தைச் சொல்வீர்களே, அந்த மூச்சு. வாய்க்கு முன் ஒரு காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், அது ஆடவேண்டும். போனில் சீனம் தட்டுவதும் பின்யினில்தான், அதனால் இங்கே தப்பினால் தட்டச்சும் தப்பும்.

கேள்வி: பழைய எழுத்தா, எளிய எழுத்தா?
– வாசகர், நகரி

பதில்: சீனாவோடு வேலை என்றால் 1956 முதல் கொண்டுவரப்பட்ட எளிய எழுத்து. தைவான், ஹாங்காங் என்றால் பழையது. 'குதிரை' பழையதில் 10 கோடு, எளியதில் 3. ஒன்றில் நிலைத்த பிறகு மற்றதைப் படிக்கப் பழகலாம். இரண்டையும் சேர்த்து எழுதப் பழகாதீர்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை எழுத்து தெரிந்தால் போதும்?
– வாசகி, சத்தியவேடு

பதில்: சீன அரசு 2013-இல் வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்து. அதில் அன்றாடப் புழக்கத்துக்கான முதல் பிரிவு 3,500. வெளிநாட்டு மாணவர்களுக்கான 2021 தரத்தில் உச்ச நிலைக்கு 3,000 எழுத்தைப் படிக்கத் தெரியவேண்டும், ஆனால் கையால் எழுதவேண்டியது 1,200 மட்டுமே. முதல் நிலைக்கு 300 எழுத்தைப் படித்தால் போதும். தினம் ஏழு என்றால் புது எழுத்து ஆறு வாரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஒரு மாதம் புதிது எதையும் தொடாமல் அந்த முந்நூறை மட்டும் திருப்புங்கள்.