ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர் கூட்டங்களில் எதைப் பேசுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பெரும்பாலும், சுழற்சி முறையில் ஆறு மாதம் தலைமை வகிக்கும் நாடுதான். 2026 முதல் பாதியில் சைப்ரஸ், ஜூலையிலிருந்து அயர்லாந்து, அப்புறம் 2027-இல் லிதுவேனியா, கிரீஸ். புதிய நாடு வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. அடுத்தடுத்து வரும் மூன்று நாடுகள் சேர்ந்து 18 மாதத் திட்டம் ஒன்றை முன்பே வகுத்துவிடுகின்றன. வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒன்றியத்தின் வெளியுறவு உயர் பிரதிநிதி தலைமை வகிப்பார்.

தற்காலிக நிகழ்ச்சி நிரல் பொதுவாகக் கூட்டத்துக்கு 14 நாள் முன்பே உறுப்பு நாடுகளுக்குப் போய்விடும். ஆனால் உண்மையான பேரம் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது, என் பார்வையில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். முதலில் நிபுணர் குழுக்கள், பிறகு பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உறுப்பு நாட்டுத் தூதர்களின் குழு. அங்கே உடன்பாடு எட்டிய விஷயங்களை அமைச்சர்கள் விவாதமின்றி நிறைவேற்றுகிறார்கள். இழுபறியில் இருப்பவைதான் அவர்களுடைய மேசையில் விவாதத்துக்கு வரும். சட்ட முன்வடிவு பற்றிய விவாதமும் வாக்கெடுப்பும் பொதுவெளியில் நடக்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்த விதி. பல விஷயங்களில் 55% நாடுகள் ஆதரித்து, அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையில் 65% பேர் வாழ்ந்தால் போதும். வரி, வெளியுறவுக் கொள்கை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஒருமித்த சம்மதம் தேவை, அதனால் ஒரே நாடுகூட அவற்றை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கலாம்.

கூட்டங்கள் நடக்கும் இடம் பிரஸ்ஸல்ஸ்; ஏப்ரல், ஜூன், அக்டோபரில் மட்டும் லக்சம்பர்க்.