முதல் சுற்றில் இரண்டாவது, இரண்டாம் சுற்றில் ஆளுநர்: பிரேசில் தேர்தல் கேள்வி பதில்

பிரேசிலின் தென்கோடியில் இருக்கிறது ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம். அங்கே 2022-ல் நடந்த ஆளுநர் தேர்தலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முதல் சுற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் பின்தங்கியிருந்த எடுவார்டோ லெய்ட்டே, நான்கே வாரத்தில் ஓனிக்ஸ் லொரென்சோனியைத் தோற்கடித்த தேர்தல் அது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

புதுமுகம்: ஆளுநர் என்றால் மேலிடத்திலிருந்து நியமிக்கிற பதவிதானே? அதற்கு எதற்குத் தேர்தல்?

அங்கே அப்படி இல்லை. மாநில அரசின் தலைவரே ஆளுநர்தான். போலீஸ், பள்ளிகள், மாநில பட்ஜெட் எல்லாம் அவர் கையில். மக்கள் நேரடியாக நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் முதலமைச்சரை நினைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது.

கணக்குப்பிள்ளை: எப்போது இரண்டாம் சுற்று வரும்? ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினால் ஜெயித்துவிட முடியாதா?

முடியாது. செல்லுபடியாகும் வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். வெற்று வாக்கும் செல்லாத வாக்கும் கணக்கில் சேராது. அக்டோபர் முதல் ஞாயிறு முதல் சுற்று. யாருக்கும் பாதி கிடைக்கவில்லை என்றால் முதல் இருவர் மட்டும் அக்டோபர் கடைசி ஞாயிறு மோதுவார்கள். 1988 அரசியல் சட்டம் கொண்டுவந்த முறை இது. ஆளுநர்களுக்கு 1990-ல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் எவ்வளவு கறார் என்று பார்க்க பாஹியா மாநிலம் போதும். அதே 2022-ல் ஜெரோனிமோ ரோட்ரிகஸ் முதல் சுற்றில் 49.45 சதவீதம் வாங்கினார். அடுத்தவரைவிட எட்டு சதவீதத்துக்கு மேல் முன்னிலை. அப்படியும் இன்னொரு முறை மக்களிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் வென்றார், அது வேறு விஷயம். மொத்தமுள்ள 27 ஆளுநர் பதவிகளில் அந்த ஆண்டு 12-க்கு இரண்டாம் சுற்று நடந்தது.

ராக்கோழி: சரி, ரியோ கிராண்டே டோ சுல்லில் என்னதான் நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

மூன்று பேர் முக்கியம். ஓனிக்ஸ், அப்போதைய வலதுசாரி அதிபர் போல்சொனாரோவின் அமைச்சரவையில் இருந்தவர், அவருடைய கட்சி வேட்பாளர். லெய்ட்டே, நடு வலது, அதே மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். எடெகார் பிரெட்டோ, அதிபர் தேர்தலில் போல்சொனாரோவை எதிர்த்து நின்ற லூலாவின் இடதுசாரித் தொழிலாளர் கட்சி.

அக்டோபர் 2 இரவு எண்ணி முடித்தபோது ஓனிக்ஸுக்கு 37.50 சதவீதம். லெய்ட்டேவுக்கு 26.81. பிரெட்டோவுக்கு 26.77. கடைசி இரண்டு எண்களை இன்னொரு முறை பாருங்கள். அறுபது லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்த தேர்தலில் இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் இடையே 2,441 வாக்குதான் வித்தியாசம்.

என்னைக் கேட்டால் தேர்தல் முடிவானது அந்த இரவில்தான், அக்டோபர் 30-ல் அல்ல. பிரெட்டோ இரண்டாவதாக வந்திருந்தால் போட்டி நேரடியாக லூலா கட்சிக்கும் போல்சொனாரோ கட்சிக்கும் ஆகியிருக்கும். போல்சொனாரோவுக்குச் சாய்வான அந்த மாநிலத்தில் ஓனிக்ஸுக்கு அது சௌகரியமான ஆட்டம். லெய்ட்டே உள்ளே வந்ததும் கணக்கே மாறிவிட்டது. இறுதி முடிவு: லெய்ட்டே 57.12, ஓனிக்ஸ் 42.88.

சந்தேகச் சாமி: லெய்ட்டே முன்னாள் ஆளுநர் என்கிறீர்கள். பதவியில் இருந்தபடியே மறுதேர்தலுக்கு நின்றிருக்கலாமே?

நின்றிருக்கலாம். 1997 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தொடர்ந்து ஒருமுறை மறுதேர்தலுக்கு நிற்கலாம், அதற்குப் பதவி விலகவும் வேண்டாம். ஆனால் வேறு பதவிக்கு நிற்பதென்றால் ஆறு மாதம் முன்பே விலக வேண்டும். லெய்ட்டேவுக்கு அதிபர் ஆசை இருந்தது. 2021 நவம்பரில் கட்சியின் உள்தேர்தலில் ஜோவாவ் டோரியாவிடம் தோற்றும் ஆசை விடவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஆளுநர் பதவியை விட்டார், துணை ஆளுநர் ரனொல்ஃபோ நாற்காலியில் உட்கார்ந்தார். அதிபர் வேட்பாளர் வாய்ப்பு கைகூடவில்லை. ஜூனில் மறுபடி மாநிலத்துக்கே வந்து நின்றார். மறுதேர்தலுக்கு நிற்க மாட்டேன் என்று முன்பு சொல்லியிருந்தவர் வேறு. எதிராளிகள் இதைச் சும்மா விடுவார்களா?

இன்னொரு சங்கதி. மறுதேர்தல் அனுமதி வந்த நாளிலிருந்து அந்த மாநில மக்கள் எந்த ஆளுநரையும் இரண்டாவது முறை தேர்ந்தெடுத்ததில்லை. பிரிட்டோ, ரிகோட்டோ, யேடா, தார்சோ ஜென்ரோ, சர்தோரி என்று நின்றவர்கள் எல்லாரும் தோற்றார்கள். ரிகோட்டோ கதை சுவாரசியம்: 2006-ல் பதவியில் இருந்துகொண்டே முதல் சுற்றில் மயிரிழையில் மூன்றாவதாகி வெளியேறினார். அவருடைய ஆதரவாளர்களே சிலர், தொழிலாளர் கட்சியை இரண்டாம் சுற்றுக்கு வரவிடக் கூடாது என்று கெட்டிக்காரத்தனமாக இன்னொரு வேட்பாளரான யேடாவுக்குப் போட்டார்கள், அது தங்கள் ஆளையே கவிழ்த்துவிட்டது என்று பேச்சு உண்டு. அந்த வரிசையை உடைத்த முதல் ஆள் லெய்ட்டே.

தோழன்: தொழிலாளர் கட்சிக்காரர்கள் எப்படி லெய்ட்டேவுக்குப் போட்டார்கள்? அவர் அரசு நிறுவனங்களை விற்றவராயிற்றே.

ஆமாம், நன்றாகவே விற்றார். மின்சார நிறுவனம், எரிவாயு நிறுவனம் இரண்டையும் தனியாருக்குக் கொடுத்தார். 2019 கடைசியில் அவருடைய சம்பள, ஓய்வூதியச் சீர்திருத்தங்களை எதிர்த்து ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போதாக்குறைக்கு 2018 இரண்டாம் சுற்றில் போல்சொனாரோவுக்குத்தான் தன் வாக்கு என்று அறிவித்தவர். இடதுசாரிகளுக்கு அவர்மேல் பாசம் வர ஒரு காரணமும் கிடையாது.

ஆனால் எதிரே நின்றது யார் என்று பாருங்கள். போல்சொனாரோவின் ஆள். லெய்ட்டே 2021-ல் தொலைக்காட்சிப் பேட்டியில் தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். இரண்டாம் சுற்றுப் பிரசாரத்தில் ஓனிக்ஸ் தரப்பு, மாநிலத்துக்கு ‘உண்மையான முதல் பெண்மணி’ (ஆளுநரின் மனைவி) கிடைப்பார் என்று பேசியது. யாரைக் குத்துகிறது என்று எல்லாருக்கும் புரிந்தது. இதெல்லாம் சேர்ந்து, பிடிக்காவிட்டாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு லெய்ட்டேவுக்குப் போடுவோம் என்ற மனநிலை இடதுசாரிகளிடம் வந்தது.

எண்களே சொல்லும். இரண்டு சுற்றுக்கும் நடுவே ஓனிக்ஸுக்குக் கூடியது நான்கு லட்சத்துக்கும் குறைவு. லெய்ட்டேவுக்குக் கூடியது ஏறக்குறைய 20 லட்சம். பிரெட்டோ முதல் சுற்றில் வாங்கியது 17 லட்சம்.

எல்லைக்கோடு: அதே நாளில் அதிபர் தேர்தலும் நடந்ததே. அந்த மாநிலத்தில் யார் முன்னிலை?

போல்சொனாரோ, 56 சதவீதத்துக்கு மேல். அதாவது அதே சாவடியில், அதே நாளில், போல்சொனாரோவுக்குப் போட்டுவிட்டு அவருடைய ஆளைக் கைவிட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். லெய்ட்டே அதிபர் தேர்தலில் யாருக்கும் ஆதரவு சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது இங்கே கைகொடுத்தது. கோழைத்தனம் என்று திட்டியவர்களும் உண்டு. லூலா ஆதரவாளரையும் போல்சொனாரோ ஆதரவாளரையும் ஒரே பெட்டியில் ஏற்ற அவருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கொள்கையைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. சர்தோரி காலத்தில், 2015 முதல், அரசு ஊழியர் சம்பளம் தவணை தவணையாகத்தான் வந்துகொண்டிருந்தது. லெய்ட்டே ஆட்சியில், 2020 கடைசியில், அது மறுபடி நேரத்துக்கு வர ஆரம்பித்தது. சம்பளத் தேதி யாருக்கும் சின்ன விஷயமல்ல.

பொத்தான்: வாக்கு எப்படிப் போடுகிறார்கள்?

மின்னணு இயந்திரம்தான், 1996-லிருந்து. ஆளுநர் வேட்பாளருக்குக் கட்சியின் இரண்டு இலக்க எண். அதை அழுத்தினால் படம் வரும், பச்சைப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஆரஞ்சுப் பொத்தான் திருத்த, வெள்ளை வெற்று வாக்குக்கு. அன்றிரவே முடிவு வந்துவிடும்.

சோம்பேறி: போடாவிட்டால்?

18 முதல் 70 வயது வரை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கட்டாயம். காரணம் சொல்லலாம், இல்லாவிட்டால் சில ரெயால் (பிரேசில் நாணயம்) அபராதம். தொகை அற்பம், ஆனால் கட்டாமல் விட்டால் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு சுற்றும் தனித் தேர்தலாகக் கணக்கு, முதல் சுற்றுக்குப் போகாதவர் இரண்டாம் சுற்றில் தாராளமாகப் போடலாம்.

வக்கீல் சார்: இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு வேட்பாளர் இறந்தாலோ விலகினாலோ?

மிச்சமிருப்பவர்களில் அதிக வாக்கு வாங்கியவரைக் கூப்பிடுவார்கள். இரண்டாவது இடத்துக்கு இருவர் சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு வாய்ப்பு.

ராக்கோழி: முதல் சுற்றில் முந்தியவர் தோற்பது அங்கே வழக்கமா?

வழக்கம் என்று சொல்ல மாட்டேன், முன்னிலைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே ஆண்டு பெர்னாம்புகோவிலும் நடந்தது. முதல் சுற்று நாளன்றே ராக்கெல் லைராவின் கணவர் இறந்துபோனார். மரிலியா அராயிஸுக்கு அடுத்து இரண்டாவதாக வந்த ராக்கெல், இரண்டாம் சுற்றில் 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி அந்த மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரானார்.

ஒரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. முதல் சுற்றில் இலவச வானொலி, தொலைக்காட்சி நேரம் பெரும்பாலும் நாடாளுமன்றத்தில் கட்சிகளின் பலத்தைப் பொறுத்துப் பிரியும். இரண்டாம் சுற்றில் இருவருக்கும் சரிபாதி. பின்தங்கியவருக்கு அது புது ஆட்டம்.

புதுமுகம்: லெய்ட்டே 2026-லும் நிற்பாரா?

ஆளுநர் பதவிக்கு முடியாது, தொடர்ந்து மூன்றாவது முறைக்குச் சட்டம் இடம் கொடுக்காது. 2025-ல் கட்சியும் மாறிவிட்டார். அட்டவணைப்படி முதல் சுற்று 2026 அக்டோபர் 4, இரண்டாம் சுற்று அக்டோபர் 25. ஜெயிப்பவர் பதவியேற்பது ஜனவரி 1 அல்ல, இந்த முறையிலிருந்து ஜனவரி 6.