105இல் வைத்த அலாரம் ஏன் அடிக்கவில்லை?

கேள்வி: நான் திருகோணமலை திருக்கடலூரைச் சேர்ந்தவன். மூன்றரைத் தொன் படகு ஒன்று வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். உள்ளே நல்ல தண்ணீர் சுற்றும், அதைக் கடல்தண்ணீர் ஆற்றும், பிறகு சைலன்சர் வழியாகப் புகையோடு வெளியே போகும். போன மாதம் டிஜிட்டல் எஞ்சின் மொனிற்றர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். விற்ற ஏஜென்ற் வெப்ப அலாரத்தை 105 பாகையிலும் ஒயில் பிரஷர் அலாரத்தை 1 பாரிலும் வைத்துத் தந்தார். ஓடும்போது சத்தமில்லை. வலை இழுக்க எஞ்சினைத் தணித்தால் ஒயில் அலாரம் விடாமல் அடிக்கிறது. பூட்டிய பெடியன் 0.3இல் வைக்கலாம் என்கிறான். மச்சான் வயரைக் கழற்றிவிடச் சொல்கிறார். வெப்ப அலாரம் ஒருநாளும் அடித்ததில்லை, அது சரியாகத்தான் இருக்கிறது. எந்த எண்ணை வைப்பது ஐயா?

பதில்: தம்பி, வயரைக் கழற்ற வேண்டாம், 0.3உம் வேண்டாம். அடிக்கிற அலாரத்துக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அடிக்காமல் இருக்கிற அந்த 105தான்.

முதலில் ஒயில். பிரஷரைப் பார் என்ற அளவில் சொல்கிறோம்; அது வைத்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும். பிரஷர் என்பது எஞ்சின் சுற்றும் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஒன்று. விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது 4 பாருக்கு மேலே நிற்கும். மூன்று மணி நேரம் ஓடி, ஒயில் சூடேறி இளகிய பிறகு, அதே எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் தணிந்து நிற்கும்போது 1 பார் காட்டினால் அது நோய் அல்ல. ஆயிரம் சுற்றுக்கு 0.7 பார் இருந்தால் போதும் என்பது மெக்கானிக்மாரின் பழைய கணக்கு. ஆகவே வலை இழுக்கிற நேரத்துக்கு உங்கள் 1 பார் மிகவும் கூட. இப்போது மற்றப் பக்கம் பாருங்கள். நீங்கள் 2000 சுற்றில் ஓடுகிறீர்கள், வழக்கமாக 3.5 பார் நிற்கிறது. பம்பில் கோளாறு வந்து அது 3 ஆகி, 2 ஆகி, 1.2 ஆகும்வரை உங்கள் அலாரம் வாயே திறக்காது. 1 பாரில் அது கத்தும்போது பெயாரிங் உரசத் தொடங்கியிருக்கும். தணிவில் தேவையில்லாமல் கத்துகிற அதே எண், ஓட்டத்தில் பிந்திக் கத்துகிறது.

மொனிற்றரின் மெனுவில் ஒயில் அலாரத்தை ஆர்.பி.எம்.முடன், அதாவது நிமிடச் சுற்றுடன், சேர்த்து வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1000 சுற்றுக்குக் கீழே 0.6, 1500க்கு மேலே 2.5. ஒரே எண்தான் வைக்கலாம் என்றால் 0.7இல் வைத்துவிட்டு, 2.5 என்று ஒரு சிவப்பு ரேப் துண்டில் எழுதி மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஓட்டத்தில் கண் அந்த எண்ணைத் தேட வேண்டும்.

ஆனால் இறக்குவதற்கு முன் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். மட்டம் கூடியிருந்தால், அல்லது விரலில் தொட்டு மணந்தால் டீசல் வாடை வந்தால், டீசல் ஒயிலுக்குள் கசிகிறது. அப்படி இளகிய ஒயிலில் அலாரம் அடித்தால் அது சொல்வது உண்மை. பீப்பாயிலிருந்து அளந்து விற்கிற மலிவு ஒயிலை ஊற்றியிருந்தாலும் அப்படித்தான். ஒரு சாதாரணக் கைமீற்றரைப் பூட்டி எஞ்சினில் நேரே அளந்து பாருங்கள். உள்ளது உள்ளபடி 1 பார் இருந்தால் மட்டும் எல்லையை மாற்றுங்கள்.

சரி, இனி 105.

உங்கள் ஏஜென்றுக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ளே அப்படித்தான் வருகிறது. புல்மோட்டையிலிருந்து மூதூர் வரை எந்தப் படகில் ஏறிப் பார்த்தாலும் 105, 1. எஞ்சின் யப்பானா சீனாவா, புதிதா, பிரித்துப் பூட்டியதா, ஒன்றும் பார்ப்பதில்லை. பூட்டிக் காசு வாங்கினால் அவர்களின் வேலை முடிந்துவிட்டது. எல்லை வைப்பது அவர்களுக்குப் பூட்டும் வேலையின் கடைசி ஐந்து நிமிடம். எங்களுக்கு அது உயிர்.

வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். எஞ்சின் தண்ணீர்த் தொட்டியின் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அது அதற்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 13 என்று அடித்திருக்கும்; முதலாவது பார் கணக்கு, மற்றது பி.எஸ்.ஐ. கணக்கு, இரண்டும் ஒன்றுதான். அந்த மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. ஆனால் மூடியின் அடியிலுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் 100இலேயே கொதிக்கும். கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் 100ஐத் தாண்டிச் சூடாகாது, ஆவியாகி வெளியே போகும். அப்போது 105இல் வைத்த அலாரம் எப்படி அடிக்கும்? 105 என்ற எண்ணே அந்த எஞ்சினுக்குள் வராது.

இதற்கடுத்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வெப்பச் சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் அதற்குச் சூடு சரியாகத் தெரியும். தண்ணீர் மட்டம் சென்சருக்குக் கீழே இறங்கினால் அது ஆவியிலும் காற்றிலும் தொங்கும். அப்போது அது காட்டுகிற எண் ஏறாமல் நிற்கும், சில வேளை இறங்கவும் செய்யும். எஞ்சின் எரிகிறது, மீற்றர் குளிர்கிறது. சல்லிக் கிராமத்துப் பக்கத்தில் ஒரு படகு இறுகி நின்றபோது என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டி சத்தியம் பண்ணினார், மீற்றர் 78க்கு மேலே போகவில்லை என்று. அவர் சொன்னது பொய்யில்லை. மூடியைத் திருகி எடுத்தபோது அடி ரப்பர் காய்ந்த கருவாட்டுத் தோல் போல உதிர்ந்தது. தொட்டிக்குள் விரலை விட்டேன், சென்சர் முனை நனையாமல் நின்றது, அதன் மேல் வெள்ளை உப்புப் படை. பிஸ்ரன் நான்கும் போய்விட்டன. அந்த மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அலாரம் ஏன் அடிக்கேல்ல?" என்பது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கடல்தண்ணீர் வராமல் நின்றுபோன எஞ்சினையும் வெப்ப அலாரம் மட்டும் காப்பாற்றாது. அதற்குச் சைலன்சர் முழங்கைக்கு, அதாவது புகையும் கடல்தண்ணீரும் கலக்கிற வளைவுக்கு, பிறகு வருகிற ரப்பர்க் குழாயில் இரண்டாவது சென்சர் ஒன்று கட்ட வேண்டும். எங்கள் கடல் வருடம் முழுவதும் ஏறக்குறைய 26 முதல் 30 பாகைக்குள் நிற்கிறது. அந்தத் தண்ணீர் கலந்து வருவதால் குழாய் பெரும்பாலும் 45 முதல் 60 வரைதான் சுடும், கையால் தொட்டுப் பார்க்கலாம். அலாரத்தை 75இல் வையுங்கள். கடல்தண்ணீர் உள்ளே எடுக்கிற வாயில் ஒரு சொப்பிங் பை ஒட்டிக்கொண்டால், கடல்தண்ணீரை இழுக்கிற பம்பின் சக்கரமான இம்பெல்லரின் இதழ் முறிந்தால், இந்தச் சென்சர் சில விநாடிகளிலேயே கத்தும். எஞ்சின் தண்ணீர் சூடாகி மற்ற அலாரம் அடிக்க நிமிடங்கள் போகும். கடற்கரையில் மிதக்கிற பைகளை நீங்களே பார்க்கிறீர்கள், இதைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

வெப்ப எல்லைக்கு எண் கேட்டீர்கள். உங்கள் எஞ்சினின் வழமையைத் தெரியாமல் நான் எண் தருவது அந்த ஏஜென்ற் செய்ததையே செய்வதாகும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூடியை மாற்றுங்கள், கூலன்றை, அதாவது எஞ்சின் தண்ணீரோடு சேர்க்கிற திரவத்தை, சரியான அளவில் கலந்து நிரப்புங்கள். பிறகு மூன்று பயணம். வலையும் ஐசும் ஏற்றிய பாரத்தோடு, வழக்கமான சுற்றில் அரை மணி நேரம் ஓடிய பிறகு, நடுப்பகலில், மீற்றர் காட்டுவதைக் கொப்பியில் எழுதுங்கள். உங்கள் வகை எஞ்சின் 78க்கும் 86க்கும் இடையில் எங்காவது நிற்கும். மூன்று நாளில் கூடிய எண் எதுவோ அதோடு 8 கூட்டுங்கள். 84 என்றால் 92. அதுதான் உங்கள் அலாரம். 92இல் அடித்தால் எஞ்சின் இன்னும் சாகவில்லை, ஏதோ வித்தியாசம் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. கரைக்கு வர உங்களுக்கு நேரம் இருக்கும்.

புத்தகத்தில் போட்டிருக்கிற உச்ச எண்ணை அலாரமாக வைக்கக்கூடாது. வீட்டிலேயே சிறு விமானம் கட்டிப் பறப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். லைக்கமிங் விமான எஞ்சினின் சிலிண்டர் தலைக்குத் தயாரிப்பாளர் விதித்த உச்சம் 500 பாகை பரனைற். ஆனால் எஞ்சினை நேசிக்கிறவர்கள் மொனிற்றர் அலாரத்தை 400 பக்கத்திலேயே வைக்கிறார்கள், ஆகாயத்தில் எஞ்சின் நின்றால் இறங்க இடம் தேட வேண்டும் என்பதால். எங்களுக்கும் அதே நிலைதான். திருகோணமலைத் துறைமுக வாயைத் தாண்டினால் கடலடிப் பள்ளத்தாக்கு, நங்கூரம் தரை தொடாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் எஞ்சின் நின்ற படகைக் காற்று கரையிலிருந்து வெளியேதான் தள்ளும்.

ஏமாறுகிற இன்னொரு இடம், சென்சர். மொனிற்றருக்கு வந்த சென்சரை விட்டு, மலிவாகக் கிடைத்த வேறு சென்சரைப் பூட்டுகிறார்கள். திருகு பொருந்துகிறது, எண்ணும் காட்டுகிறது, ஆனால் அது வேறு அளவுக்குச் செய்தது. ஒற்றை வயர்ச் சென்சரின் திருகில் வெள்ளை ரேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் அதற்கு எஞ்சினோடு உள்ள எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற தொடுப்பு, கெடும். உப்புக் காற்றில் எர்த் வயர் பச்சை பிடித்தாலும் அதேதான். பரவலாகப் பூட்டுகிற ஐரோப்பிய வகைச் சென்சரில் எர்த் கெட்டால் வெப்பம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், ஒயில் பிரஷர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இரண்டுமே உங்களை நிம்மதியாக வைத்திருக்கிற பொய்.

அதைச் சோதிக்க ஒரு கேத்தல் போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது வெப்பச் சென்சரைக் கழற்றி, வயரை அதிலேயே விட்டு, அதன் உடம்பிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு வயர் பிடித்து, முனையைக் கொதிக்கிற தண்ணீரில் விடுங்கள். கடல் மட்டத்தில் கொதிக்கிற தண்ணீர் 100. மீற்றர் 98, 101 காட்டினால் நம்பலாம். 88 காட்டினால் உங்கள் எண் எல்லாம் 12 பாகை பொய். கையில் சூடு படாமல் குறட்டால் பிடியுங்கள்.

இந்தச் சோதனையை விற்கிறவர் செய்து காட்ட வேண்டும். பார்க்க வருகிற அதிகாரிகளாவது கேட்க வேண்டும். உயிர்காப்பு அங்கியை எண்ணுகிறார்கள், பதிவு இலக்கத்தைப் பார்க்கிறார்கள், நல்லது. மீற்றர் உண்மை சொல்கிறதா என்று இத்தனை வருடத்தில் ஒருவர் கேட்டதை நான் காணவில்லை. மொனிற்றரோடு வருகிற புத்தகம் ஆங்கிலத்தில் அல்லது சீனத்தில் இருக்கிறது. எல்லை எப்படி வைப்பது என்று இரண்டு பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? நான் கேட்டுக் களைத்துவிட்டேன், ஆனாலும் கேட்பதை விடமாட்டேன்.

மச்சானுக்கும் கூட வருகிற பிள்ளைகளுக்கும் இதை இன்றே சொல்லிவையுங்கள். வெப்ப அலாரம் அடித்தால் எஞ்சினைத் தணிவுக்குக் கொண்டுவாருங்கள், உடனே நிறுத்த வேண்டாம், வெளியே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நிறுத்துங்கள். சூடான மூடியில் யாரும் கை வைக்கக்கூடாது. ஓட்டத்தில் ஒயில் அலாரம் அடித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், யோசிக்க வேண்டாம். தானாக எஞ்சினை நிறுத்துகிற வசதி உங்கள் மொனிற்றரில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பெரிய அலைக்குள் எஞ்சினை எப்போது நிறுத்துவது என்பதை ஓட்டிதான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று பயணம் முடிந்ததும் கொப்பியில் எழுதிய எண்களை எனக்கு அனுப்புங்கள். ஓட்டத்தில் வெப்பம், ஓட்டத்தில் ஒயில், தணிவில் ஒயில், கேத்தலில் காட்டிய எண். பழைய மூடியை எறிந்துவிடாமல் அதன் ரப்பரையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.